மணியோசை வராத திங்கட்கிழமை

எல்வுட் டாகெட்டின் அடுக்களைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வந்தாள் மார்னி பெலாஞ்சர். பூட்ஸில் அப்பியிருந்த மார்ச் மாதச் சேறு தரையெல்லாம் ஈஷியது.

"மொத்தமும் போச்சு எல்வுட். ஒரு கட்டுகூட மிச்சமில்ல."

எல்வுட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். காப்பீட்டுக் கம்பெனிக்காகக் காலமெல்லாம் பொய்யான தீவிபத்துகளைத் துருவி ஓய்வு பெற்றவர். எதற்கும் பதற மாட்டார். எதிரே இருந்த டெல்மர் பிரூயிட், யாரும் பதறாதபோதும் பதறக்கூடியவர். முன்னாள் கணக்கு வாத்தியார், இந்நாள் 'பெல்டன் மணியோசை'யின் சம்பளமில்லாப் பிழைதிருத்துநர்.

மார்னி நடத்தும் மணியோசை, லாபம் பார்க்காமல் ஊராரின் நன்கொடையில் ஓடும் வாரப் பத்திரிகை. நன்கொடை தருகிறவர்கள்தான் அதை அதிகம் திட்டுவார்கள். தராதவர்கள் இரவல் வாங்கித் திட்டுவார்கள். இணையத்தில் அது வருவதில்லை. வந்தாலும் பார்ப்பதற்கு அந்த வெர்மான்ட் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. அச்சகத்து லாரி விடியும் முன்னே ஆரின் என்பவனின் மளிகைக் கடை வாசலில் கட்டுகளை இறக்கிவிட்டுப் போகும். இன்று இறக்கியிருக்கிறது. ஆரின் கடை திறக்க வந்தபோது வாசல் காலி.

"நாளைக்கு ஊர்க்கூட்டம்," என்றாள் மார்னி. "மண்டபத்துப் பின்னறைய விட்டு எங்கள வெளியேத்தணும்னு தீர்மானம் வருது. அந்த அறை நம்ம ஊர்த் தலைவர் ப்ரெஸ்காட்டோட அண்ணன் மகனுக்குப் போவுது, வீடு வித்துக் குடுக்குற ஆபீஸ் வைக்க. அதத்தான் முதல் பக்கத்துல போட்டிருந்தேன். அறை போனா பேப்பர் போச்சு. வேற இடம் புடிக்க எங்களுக்கு வக்கில்ல."

"கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லிடேன்," என்றார் டெல்மர்.

"சொன்னா, இடம் போற வயித்தெரிச்சல்ல கதை கட்டுறான்னுவாங்க. முக்கியமான வாரத்துல வராத பேப்பருக்கு அறை எதுக்குன்னு ப்ரெஸ்காட் கேப்பான். நானா இருந்தாலும் கேப்பேன்."

அச்சுக்குப் போன பக்கங்களின் நகல் அவளிடம் இருந்தது. எல்வுட் அதை வாங்கி முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். டெல்மருக்குப் பொறுக்கவில்லை.

"முதல் பக்கம் போதாதா? கடைசிப் பக்கத்துல காணாமப்போன பூனையும், நாளைக்குக் கூட்டத்துல ஆளுக்கொண்ணு கொண்டாந்து பகிர்ந்து திங்கிற மத்தியானச் சாப்பாடும்தான் இருக்கு."

"சாப்பாடு முக்கியம்ப்பா," என்ற எல்வுட் உரக்கப் படித்தார். "'மண்டபத்தில் எரிவாயுக் குழாய் பழுது. அடுப்பும் வெந்நீரும் இல்லை. சூடாக்கத் தேவையில்லாத உணவை மட்டும் கொண்டுவரவும். பாத்திரம் கழுவ வசதி இல்லாததால் தட்டும் முள்கரண்டியும் அவரவர் எடுத்துவரவும்.'"

உடனே அவர் மண்டபச் சமையற்கட்டின் பொறுப்பாளர் ஹேசலைச் சுவர்ப் போனில் கூப்பிட்டார். அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "வெளியூர்லேருந்து வந்த குழாய்க்காரனுக்கும் மார்னிக்கும் தவிர ஒருத்தருக்கும் சொல்லல. வீடு வீடாப் போய்ச் சொல்லவா? அதுக்குத்தானே அந்தப் பேப்பர்?"

"இனிமேலும் சொல்லாத ஹேசல். அடுப்பு விஷயம் நாளைக்கு மத்தியானம் தெரிஞ்சா போதும்."

"ஊர் என்னைக் கிழிச்சிடும்."

"கிழிக்கட்டும். டெல்மர், உன் வீட்லயும் வழக்கம்போல பீன்ஸ் வைக்கச் சொல்லு."

டெல்மர் அன்று மாலைவரை ஆரின்மீதே சந்தேகமாக இருந்தார். ஆரின் விற்ற புளித்த பாலைப் பற்றி மணியோசை எழுதியதை அவன் மறக்கவில்லை. விசாரிக்கப் போனவர்களிடம், "திருடுனவனுக்கு ஒரு காபி இலவசம்," என்று முகத்துக்கு நேரே சொன்னான்.

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் யாரும் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை. சாலைச் சரளைக்கு ஒரு மணி நேரம் சண்டை. பனி வாரும் வண்டிக்கு அதைவிடப் பெரிய சண்டை. மேடையில் ஊராட்சிக் குழுத் தலைவர் ப்ரெஸ்காட் வெயின்ரைட், தன் உருவப்படத்துக்குத் தானே உட்கார்ந்திருப்பவர்போல முகவாயை உயர்த்தி வீற்றிருந்தார். மார்னி எழுந்தபோதெல்லாம், "வராத பேப்பரோட ஆசிரியர் பேசுறாங்க, கேளுங்க," என்றார். சிரிப்பவர்கள் சிரித்தார்கள்.

மதியம் ஹேசல் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்து, அடுப்பு எரியாது, வெந்நீரும் வராது, தட்டும் தரமுடியாது என்றாள். மண்டபமே அவள்மேல் பாய்ந்தது.

"விடியக்காலையில எந்திரிச்சு செஞ்சேன், இத கல்லாட்டம் திங்கவா?"

"முன்னாடியே சொல்றதுக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?"

எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் ப்ரெஸ்காட். "நான் இந்த ஊருக்குத் தலைவர். எனக்கே சொல்லல. இந்த நிமிஷம்தான் எனக்குத் தெரியுது. இதுக்கு யாராவது பதில் சொல்லணும்."

ஊரார் உறைந்துபோன பீன்ஸையும் மெழுகாகிவிட்ட பாலாடைக்கட்டி மக்ரோனியையும் பானை மூடிகளில் அள்ளிக் கையால் தின்றார்கள். பாதிரியார் பிரசங்கத் தாளை மடித்துக் கரண்டியாக்கினார். எல்வுட் தன் பங்கை மெல்ல மென்றபடி, சாப்பாட்டு மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். மேடையோரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ப்ரெஸ்காட் அங்கே தகரத் தட்டில் முள்கரண்டியால் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் பின்னறைத் தீர்மானம் வந்தது. எல்வுட் கையைத் தூக்கினார்.

"ப்ரெஸ்காட், உன் பீன்ஸ் எங்க?"

"என்ன?"

"வருஷா வருஷம் மேப்பிள் பாகு ஊத்தி, கொதிக்கக் கொதிக்க, கிரீடம் தூக்கிட்டு வர்ற மாதிரி கொண்டாருவியே. அதுக்கு ஒரு சொற்பொழிவு வேற. இன்னைக்கு சாலட்."

"மனுஷனுக்கு ஒரு மாறுதல் வேண்டாமா? மணியோசைய நான் தொடுறதுகூட இல்ல, அதுல எதாவது வந்திருந்தா அத வெச்சு என்னை மடக்கப் பாக்காத."

"சாலட் மாறுதலாவே இருக்கட்டும். தட்டு?"

ப்ரெஸ்காட் தட்டைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"இத்தன மேசையும் பாத்துட்டேன்," என்றார் எல்வுட். "வீட்லேருந்து தட்டும் முள்கரண்டியும் கொண்டுவந்தது நீ ஒருத்தன்தான். ஆரின்கூட கையாலதான் தின்னான், சட்டையப் பாரு. அடுப்பு போனதும், தட்டு கொண்டாரணும்ங்கறதும் ஒரே ஒரு இடத்துலதான் அச்சாகியிருந்துது. ஹேசல் வேற யாருக்கும் சொல்லல. உனக்கும் யாரும் சொல்லலன்னு நீயே ஊர் கேக்கக் கத்துன. அப்ப அந்தப் பேப்பர படிச்சவன் ஒருத்தன்தான். யார் கையில கட்டு இருக்கோ அவன்."

"இது அவதூறு."

"நீ ஏன் படிச்சன்னு எனக்குப் புரியுது. உன் பேர் எங்கெங்க வந்திருக்குன்னு கடைசிப் பக்கம் வரைக்கும் தேடியிருப்ப. ஆனா படிச்சதும் அறிவிப்புக்குக் கட்டுப்பட்ட பாரு, அதுதான் பெல்டன் ஊர் ரத்தம். திருட வந்தாலும் தட்டு கொண்டுவாங்கன்னா கொண்டுவந்திருவோம். உன் வண்டில தார்ப்பாய்க்கு அடியில என்ன இருக்கு?"

ஆரின் வெளியே போனான். திரும்பி வந்தபோது இரண்டு தோளிலும் கட்டுகள். மேசையில் பொத்தென்று போட்டான்.

"எனக்கும் இந்தப் பேப்பர் புடிக்காது," என்றான். "ஆனா என் கடை வாசல்ல கை வைக்க நீ யாரு?"

"மேப்பிள் பாகு காய்ச்சுற கொட்டகையில இதப் போட்டு அடுப்பு பத்தவைக்கலாம்னு..." என்று தொடங்கிய ப்ரெஸ்காட், அது தற்காப்பு அல்ல என்று தாமே உணர்ந்து நிறுத்தினார்.

கட்டுகள் பிரிந்தன. பீன்ஸ் அப்பிய விரல்களால் ஊர் முதல் பக்கத்தைப் படித்தது. அண்ணன் மகன் பின்வரிசையிலிருந்து கழிவறைப் பக்கம் நழுவினான். "அடுப்பப் பத்தி இதுல தெளிவாத்தானே போட்டிருக்கு," என்று முணுமுணுத்த ஒரு கிழவர், யாரோ தம்மை ஏமாற்றிவிட்டதுபோல மேடையை முறைத்தார்.

தீர்மானத்துக்கு எதிராகக் கைகள் உயர்ந்தன. பத்திரிகைமேல் பாசம் வந்து உயர்ந்த கை ஒன்றுகூட இல்லை என்பது டெல்மருக்குத் தெரிந்தது. ஆறிப்போன மதியச் சாப்பாட்டுக்கு யாரையாவது பழிவாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் எண்ணும்போது அந்தக் கைகளும் கைகள்தாம். அறை மணியோசைக்கே என்றானது. மார்னி நன்றி சொல்லவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

மண்டபம் காலியானபின் ப்ரெஸ்காட் அவளருகே வந்து நின்றார்.

"இத எழுதுவியா?"

"எழுதாம? உன் தரப்பு விளக்கத்தையும் போடுறேன். வியாழக்கிழமைக்குள்ள குடு."

அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்.

"முதல் பக்கத்துலயா?" என்று கேட்டார். கேட்டது பயத்திலா ஆசையிலா என்று டெல்மரால் சொல்ல முடியவில்லை.