பாதிப் பால்

கணவாய்க்கு இந்தப் பக்கமே வண்டி நின்றுவிட்டது. இனி பனியில் சக்கரம் உருளாது என்று ஓட்டுநர் கையை விரித்துவிட்டான். ஜிபெக் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மிச்ச வழியை நடந்தே கடந்தாள். வயது ஐம்பத்தெட்டு. இளமையில் கூட்டுப்பண்ணையில் விடியலுக்கு முன்னால் எழுந்து பால் கறந்த உடம்பு. முட்டி மட்டும் கொஞ்சம் முனகியது.

மலையடியில் தங்கை புருலின் குளிர்கால வீடு ஒற்றையாய் நின்றது. புகைபோக்கியில் சாணப் புகை. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, தொழுவத்திலிருந்து வந்த குரலைத் தவிர. பசு ஒன்று கத்திக்கொண்டிருந்தது. பசிக் குரல் அல்ல அது. கூப்பிடும், நிறுத்தும், பதிலுக்குக் காத்திருக்கும், மறுபடி கூப்பிடும்.

தங்கையின் புருஷன் எசென் வாசலுக்கு வந்து மூட்டையை வாங்கிக்கொண்டான்.

"வாங்கக்கா. நல்லவேளை வந்தீங்க."

"புருல் எப்படி இருக்கா?"

"காய்ச்சல் விடவே மாட்டேங்குது. புள்ளைக்குக் குடுக்கப் பால் சுத்தமா வத்திருச்சு. மாவுப்பால் டப்பாவும் முந்தாநாளே காலி. ரோடு திறக்கப் பத்துநாள் ஆகுமாம்."

"பசு கன்னு போட்டிருக்குன்னு போன்ல சொன்னாளே?"

எசென் காலடியில் கிடந்த பனியை உதைத்தான். "கன்னுக்கு நோவுக்கா. இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. வீணாப் போக வேணாமேன்னு உசுரு இருக்கறப்பவே அறுத்துட்டேன். இன்னைக்குக் காலைலதான்."

கன்றைக் காணாத பசு பாலை அடக்கிக்கொண்டது. காலையிலிருந்து ஒரு சொட்டு விடவில்லை. உள்ளே இருபது நாள் குழந்தை அழுது அழுது, அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி சிணுங்கியது.

"தோல் இருக்கா?" என்றாள் ஜிபெக். "வைக்கோலும் கோணி ஊசியும் கொண்டா."

செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தாயின் முன்னால் நிறுத்துவது அந்த மலைக்காரர்களுக்குப் புதிதில்லை. பண்ணையில் ஜிபெக்கே இருபது முப்பது தைத்திருப்பாள். எசென் தோலைக் கொண்டுவந்தான். பாலைக் கட்டியாகத் திரிக்கும் உறைக்கு ஆகுமென்று கன்றின் இரைப்பையையும் தனியே எடுத்து வைத்திருந்தான். ஜிபெக் அதைக் கழுவக் கத்தியால் கீறினாள்.

உள்ளே முட்ட முட்டப் பால். அப்போதுதான் திரளத் தொடங்கிய பால்.

நோவு கண்ட கன்று மடியில் வாய் வைக்காது. இது வயிறாரக் குடித்திருக்கிறது. தாயிடம் குடித்துவிட்டு நிமிர்ந்த கையோடு அதை இழுத்துப்போய் அறுத்திருக்கிறான்.

ஜிபெக் நிமிர்ந்து பார்த்தாள். எசென் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்க வாயெடுத்தாள். உள்ளே குழந்தை சிணுங்கியது. கேள்வியை மென்று விழுங்கிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். வாய்க்கு மட்டும் ஏழு தையல் போட்டாள்.

அந்தியில் வைக்கோல் கன்றைப் பசுவின் முன்னால் நிறுத்தினார்கள். பசு மோந்து பார்த்தது. கத்துவதை நிறுத்திவிட்டு நக்கத் தொடங்கியது. காதை நக்கியது, கழுத்தை நக்கியது, முதுகைத் திரும்பத் திரும்ப நக்கியது. மடி இளகியது. மெலிந்த பசு, இரண்டு குவளைதான் தேறியது. காய்ச்சித் தண்ணீர் கலந்து கொடுத்தபோது குழந்தை கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. புருல் அழுதாள்.

பசுவின் கண்ணை மட்டும் அவள் பார்க்கவில்லை. அது பண்ணையில் கற்ற பாடம்.

மூன்று நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

நாலாம் நாள் காலை ஒரு குவளைதான் வந்தது. முந்தின இரவு சுவரோரம் சாய்த்து வைத்த வைக்கோல் கன்று மடிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது.

"பசு முட்டித் தள்ளியிருக்கும்," என்றான் எசென்.

"எட்டாத கயித்துல கட்டிக் கிடக்கற பசு எப்படிப்பா தள்ளும்?"

எசென் கன்றைத் தூக்கிப் பழையபடி சுவரோரம் சாய்த்தான்.

ஆறாம் நாள் அரைக் குவளை. கன்றின் வாயோரம் ஈரம். ஜிபெக் குனிந்து பார்த்தாள். ஏழு தையலும் பிரிந்திருந்தன. நூல் அறுபடவில்லை. உள்ளிருந்து யாரோ பொறுமையாக நெட்டித் தளர்த்தியதுபோல் தொங்கியது. விரலை விட்டு வைக்கோலைக் கிள்ளி மோந்தாள்.

புதுப் பாலின் வாசனை.

எசெனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்கு வெளியே எறிந்தான். பசு மடியை இறுக்கிக்கொண்டது. ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்குள் குழந்தை பசியில் கீச்சிட்டது. அரைமணி நேரத்தில் அவனே அதைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிறுத்தினான். போனபோது ஒரு கையில் தூக்கிப் போனவன், வந்தபோது இரண்டு கையாலும் அணைத்துக் கொண்டு வந்தான். மூச்சு வாங்கியது.

ஏழாம் நாள் விடிந்தும் விடியாத நேரம். ஜிபெக் இடக்கையால் கன்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு வலக்கையால் கறந்தாள்.

உள்ளங்கைக்கு அடியில் தோல் சூடாக இருந்தது.

பசு நக்கிய சூடாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விலா எழும்பியது.

தணிந்தது.

மறுபடி எழும்பியது.

அப்புறம் அந்தச் சத்தம். சப்புக் கொட்டிக் குடிக்கும் சத்தம். அவள் கறந்துகொண்டிருந்த காம்புக்குப் பக்கத்துக் காம்பில்.

எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. ஓடினால் குழந்தைக்குப் பால் இல்லை. கண்ணீர் கன்னத்தில் உறைய, கடைசிச் சொட்டுவரை கறந்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

எசென் வாசலில் நின்றான்.

"நோவுன்னு சொன்னியே," என்றாள். "வயிறு நிறையப் பால் இருந்துச்சே தம்பி."

அவன் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு பேருக்கும் பத்தாதுன்னு பயந்துட்டேன்க்கா. கன்னு குடிச்சது போக மிச்சம் எவ்வளவு தேறும்? பெத்த புள்ளையா, கன்னுக்குட்டியா? நீங்களே சொல்லுங்க."

"பத்துமான்னு ஒருநாள் கறந்து பாத்தியா?"

"இல்ல."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத மாதிரி, நோவு, இழுப்புன்னு எங்கிட்ட கதை வேற."

"நீங்க மட்டும் என்னக்கா? தெரிஞ்சுதானே தைச்சீங்க."

சுரீரென்று பட்டது. உண்மைதான் அது. இவன் ஒன்றை அறுத்தான். பண்ணையில் அவள் தைத்த இருபது முப்பதில் எத்தனை தானாகச் செத்தவை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் தைக்க முடியாது.

அன்று அந்தியில் அரைக் குவளைதான் வந்தது. ஜிபெக் அதிலும் சரிபாதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைக்கோல் கன்றின் முன்னால் வைத்தாள்.

"உன் பங்கு," என்று கிசுகிசுத்தாள். "குடிச்சுக்கோ. எங்க பாப்பாவுக்கும் விட்டு வை."

எசென் தடுக்கவில்லை.

மறுநாள் கிண்ணம் துடைத்ததுபோல் இருந்தது. கன்று சுவரோரம், வைத்த இடத்திலேயே நின்றது. பசு பழையபடி இரண்டு குவளை கறந்தது. ஜிபெக் ஒன்றைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஒன்றை வீட்டுக்குள் கொண்டுபோனாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

குழந்தை குடித்தது. தூங்கியது. கன்னம் உப்பியது. ஒருநாள் குடித்து முடித்துப் புட்டியில் மிச்சம் வைத்தது. எசென் அந்த மிச்சத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தேம்பினான். பாதியே போதுமானதாக இருந்தது. முதல் நாளிலிருந்தே போதுமானதாகத்தான் இருந்திருக்கும்.

ரோடு திறந்தது. புருல் எழுந்து நடமாடினாள். எசென் வைக்கோல் கன்றை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புதைத்தான். ஜிபெக் ஊர் திரும்பினாள். பால் ஊற்றிய டீயை அந்தக் குளிர்காலம் முழுக்க அவளால் குடிக்க முடியவில்லை.

வசந்தத்தில் புருல் போன் செய்தாள்.

"பாப்பா குப்புற விழுந்துட்டாக்கா. சிரிச்சுக்கிட்டே கிடக்கா."

"என் தங்கமே. பசு கறக்குதா?"

"அதுதான் அதிசயம். முன்னால ஒண்ணையும் நிறுத்தாமலே கறக்குது. கிண்ணத்தை மட்டும் எங்க வீட்டுக்காரரு ஒருநாளும் மறக்கறதில்ல. விடிஞ்சா காலியா இருக்கு." புருல் தயங்கினாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லட்டுமாக்கா? கறக்கறப்ப பசு பக்கத்துல எதையோ நக்கிக்கிட்டே இருக்கு. அங்க ஒண்ணும் இல்ல."

ஜிபெக் தைத்த கன்று அவள் முட்டி உயரம்தான் இருந்தது.

"எவ்வளவு உயரத்துலடீ நக்குது?"

"மொதல்ல எல்லாம் குனிஞ்சுதான் நக்கும்," என்றாள் புருல். "இப்ப என் இடுப்பு உசரத்துக்கு நக்குதுக்கா."