நாடிக்கட்டு அவிழ்த்த படம்

ராஜபாளையத்தில் பால்சாமி வீட்டுக்கு நான் போனது, அவர் இறந்த பதினைந்தாம் நாள், பகல் பதினொரு மணிக்கு. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் எனக்கு ஒன்றுதான். இப்போது புதிதாக இன்னொரு வேலையும் வருகிறது. ஒரு போட்டோவும் கொஞ்சம் குரலும் கொடுத்து, வேண்டியதைத் தட்டச்சு செய்தால், கம்ப்யூட்டரில் அந்த முகம் வாயசைத்துப் பேசும். உயிரோடு இருந்தபோது யாரும் காது கொடுக்காத ஆட்களைத்தான் பெரும்பாலும் பேச வைக்கச் சொல்கிறார்கள்.

பழைய வீடு. ஒட்டினாற்போலத் தறிக்கூடம். பால்சாமி பேண்டேஜ் துணி நெய்தவர். தறிகள் நின்று இத்தனை நாளாகியும் கஞ்சியும் எண்ணெயும் கலந்த வாடை உள்ளறை வரை இருந்தது.

மகன்கள் இருவர். மூத்தவன் சோலைராஜுக்குக் கோயம்புத்தூரில் வேலை, இளையவன் கௌதம்ராஜுக்குச் சென்னையில். அப்பா பேச வேண்டியதை மூத்தவனே எழுதி வைத்திருந்தான்.

"வெள்ளத்தாயி, புள்ளைக இந்த வீட்ட வித்துரட்டும். நீ வத்திராயிருப்புல முதியோர் இல்லத்துக்குப் போயிரு. இது என் கடைசி ஆசை."

மறுநாள் உருமா கட்டு. தாய்மாமன் மூத்த மகனுக்குத் தலைப்பாகை கட்டும் அந்தச் சடங்கில், சொந்தபந்தம் முன்னால் இதைத் திரையில் போட வேண்டுமாம். பெற்றவளை வீட்டைவிட்டு அனுப்ப நேரில் சொல்லத் துப்பில்லை. செத்த அப்பன் வாயை இரவல் கேட்டார்கள்.

"போட்டோ குடுங்க" என்றேன்.

இருவரும் செல்போனைத் தடவினார்கள். நாய்க்குட்டி இருந்தது, பைக் இருந்தது, தின்ற பிரியாணி இருந்தது. அப்பன் இல்லை. கடைசியில் சோலைராஜ் ஒரு படத்தைக் காட்டினான். இறந்த அன்று நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது. கண் மூடியிருந்தது. வாய் திறந்துவிடாமல் தாடையோடு சேர்த்துத் தலையில் நாடிக்கட்டு கட்டியிருந்தது, அவர் நெய்த துணியாலேயே.

"கண்ணத் தொறந்துட்டு, அந்தத் துணிய எடுத்துருங்கக்கா. கம்ப்யூட்டர்ல ஏலும்ல?"

காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்து நாடிக்கட்டை அழித்தேன். அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

குரலுக்குப் பஞ்சமில்லை. "எப்பம்லே வாரீக?" என்று அவர் மகன்களுக்கு அனுப்பிய குரல் செய்திகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை.

முதல் தடவை ஓட்டியபோது கண் திறந்தது. குரல் வந்தது. உதடு அசையவில்லை.

இரண்டாம் தடவை உதடு அசைந்தது. குரல் இல்லை.

ஸ்பீக்கரைச் சோதித்தேன். நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டு விநாடிப் படம் அது. நான்கு நிமிடமாகியும் முகம் பேசிக்கொண்டே இருந்தது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வெள்ளத்தாய் டீயோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள். அழவில்லை. அவள் உதடும் ஓசையில்லாமல் அசைந்தது. தறி ஓடும்போது காதில் ஒன்றும் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. புருஷனும் பெண்டாட்டியும் முப்பது வருஷம் எதிரெதிர் தறியில் அப்படிப் பேசியவர்கள். மகன்கள் அந்தக் கூடத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவர்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

அவள் பேசி முடிக்கும்வரை திரையிலிருந்த முகம் காத்திருந்தது.

பிறகு பதில் சொன்னது.



"என்னம்மா சொல்லுதாரு?" கௌதம்ராஜ் கிசுகிசுத்தான்.

"எங்கயும் போவாதேங்காவ" என்றாள். "நாடிக்கட்ட அவுத்தது யாருன்னும் கேக்காவ."

சோலைராஜ் லேப்டாப்பைப் படாரென்று மூடினான். "எல்லாம் மெஷின் கோளாறு. படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு நானே சொல்லிக்கிடுதேன்."

மறுநாள் வீடியோ எடுக்க ஒப்புக்கொண்டிருந்ததால் போனேன். பந்தல் நிறையச் சனம். தாய்மாமன் உருமா கட்டிவிட்டார். சோலைராஜ் மைக்கைப் பிடித்தான்.

"எங்கப்பா கடைசியா..."

அதோடு குரல் நின்றது. உதடு நிற்கவில்லை. மைக்செட்காரர் ஓடிவந்து மைக்கைத் தட்டினார். தட்டிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அவன் குரல் மட்டும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தாடையை அமுக்கிப் பிடித்தான். தாடை அடங்கவில்லை. கேமரா வழியாக நான் பார்த்தேன். கண் அலறியது. வாய் நிதானமாக, பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தது.

பெண்கள் வரிசையிலிருந்து வெள்ளத்தாய் எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மகன் உதட்டையே செத்த நேரம் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள். "நான் எங்கயும் போவல."