மூச்சுக்கு ஒரு கிளை

முதல் கூட்டிலிருந்த சாம்பல் முயலுக்கு ஒரு காதுதான் இருந்தது.

சின்னராசா முதுகிலிருந்த கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். மற்றக் காது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. கம்பி வலைக்குள் விரலை நீட்டித் தொட்டு மோந்தான். தார். பெரிய தேயிலைக் கிளையை வெட்டினால், வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி அழுகாமலிருக்கப் பூசுவார்களே, அந்தத் தார். சிவசாமியின் முயல்கள் ஆள் வாசனை பட்டாலே கூட்டின் முன்பக்கம் வந்து முண்டியடிக்கும். இது அசையவில்லை. இருந்த ஒரு காதையும் முதுகோடு ஒட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

சொறி பிடித்திருக்கும், அறுத்து விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். முயலுக்குக் காதில் சொறி வருவது புதிதல்லவே.

அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தில் முயல் வளர்த்த ஆண்பிள்ளைகள் இரண்டே பேர். வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுக் கப்பலேறிய வருஷம், துரைசானி தான் ஆசையாக வளர்த்த முயல்களை யாரிடம் விடுவது என்று பங்களா வாசலில் நின்று கண்ணைக் கசக்கினாள். கறிக்குக் கேட்டவர்கள் ஏராளம். வளர்க்கக் கேட்டவர்கள் சின்னராசாவும் சிவசாமியும்தான். மீசை வைத்த ஆம்பிளைகளுக்கு முயல் கேட்கிறதோ என்று வரிசை வீட்டு லயமே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். நாளெல்லாம் மழையில் விறைத்து வந்தவன் மடியில் சூடாக ஒரு உயிர் உட்கார்ந்து முட்டைக்கோவா இலை கடிக்கிற சுகம் சிரித்தவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

தங்கை வீரம்மாவைச் சிவசாமிக்குக் கட்டிக் கொடுத்ததும் அந்த முயல்களால்தான். குட்டி முயலை அவன் உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் நெற்றியை நீவிவிடுவதைப் பார்த்தபோதே சின்னராசா முடிவு செய்துவிட்டான். இந்தக் கை பெண்டாட்டி மேல் ஓங்காது. அம்மா இழுத்தடித்தாள், ஒற்றையாள், உற்றார் உறவு இல்லாதவன் என்றாள். சின்னராசாதான் மல்லுக்கு நின்று கல்யாணத்தை முடித்து வைத்தான். குழந்தை இல்லை என்பதைத் தவிர இத்தனை வருஷத்தில் வீரம்மா ஒரு குறை சொன்னதில்லை.

இப்போது அவள் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வந்தே நாளாகிவிட்டது. காய்ச்சல் என்று கங்காணியிடம் சிவசாமி சொல்லியிருந்தான். என்ன காய்ச்சல் இத்தனை நாளைக்கு? பெட்டை முயலை இணை சேர்க்க வேண்டுமானால் அதைத்தான் ஆண் முயலின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சாக்கில் தன் பெட்டை முயல் வெள்ளச்சியைக் கூடையில் போட்டுக்கொண்டு தங்கையைப் பார்க்கப் புறப்பட்டு வந்திருந்தான்.

மேல் லயத்தில் சிவசாமியைத் தவிர யாரும் குடியில்லை. போன மழைக்கு மண் சரிந்ததும் எல்லாச் சனமும் கீழ் லயத்துக்கு இறங்கிவிட்டது. முயலுக்கு நல்ல இடம் மச்சான் என்று சொல்லி அவன் மட்டும் பெண்டாட்டியோடு தங்கிவிட்டான். சாயங்காலம்தான் என்றாலும் ஆடி மாதத்துப் பனி மலையிலிருந்து இறங்கி, ஆளில்லாத காம்பராக்களின் கதவு வழியே உள்ளே போய் வெளியே வந்து, தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக வாசலோரத் தண்ணீர்க் கானில் விழுந்துகொண்டிருந்தது. ஈர மண்ணும் முயல் மூத்திரமும் தாரும் கலந்த வாசனை நாக்கில் ஒட்டியது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது, இனிப்பாக, வெட்டிப் போட்ட தேயிலை மிலாறு மூன்றாம் நாள் மக்கும்போது வருவது போல.

இரண்டாவது கூட்டைப் பார்த்தான். கறுப்பு முயல். முன்னங்கால் இரண்டும் இல்லை. தார்.

மூன்றாவதில் இருந்தது முயல்தானா என்று தெரிய நேரமாயிற்று. தலை இருந்தது. ஒரு பின்னங்கால் இருந்தது. அந்தக் காலால் அது பலகையைத் தட்டியது. ஆபத்து என்றால் முயல் அப்படித்தான் தட்டும். ஒன்று தட்டினால் மற்றவையும் தட்ட வேண்டும். மற்றவற்றிடமிருந்து சத்தமே இல்லை.

"மச்சானா? எப்ப வந்த?"

சின்னராசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனிக்குள்ளிருந்து சிவசாமி வந்தான். தலையில் சாக்கு, தோளில் இலையோடு வெட்டிய தேயிலைக் கிளைக்கட்டு, இடுப்பில் கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி. முகத்தில் அதே சாதுவான சிரிப்பு.

"என்ன மாப்ள இது? முயலுக்கெல்லாம் என்ன ஆச்சு?"

"கெழடு தட்டிருச்சு மச்சான். குட்டி போடுறத நிறுத்திருச்சுங்க. உள்ள வா, நனையாத."

"வீரம்மா எங்க?"

"படுத்திருக்கா. மொதல்ல தேத்தண்ணி குடி."

உள்ளே போயிருக்கக் கூடாது. ஆனால் தங்கை உள்ளே இருக்கும்போது வாசலோடு திரும்ப எந்த அண்ணனால் முடியும்? சின்னராசா கூடையை அணைத்துப் பிடித்துக்கொண்டு காம்பராவுக்குள் போனான். அடுப்பு புகைந்தது. அம்மியும் குழவியும் சுவரோரம் கிடந்தன. மூலையில் தார் வாளி. பக்கத்துக் காம்பராவைப் பிரித்த சுவர் எல்லா லயத்துச் சுவரையும் போலக் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றது. ஒரு குடும்பம் இருமினால் அடுத்த குடும்பம் விழித்துக்கொள்கிற சுவர். சிவசாமி கிளைக்கட்டை அந்தச் சுவருக்கு மேலாகத் தூக்கி அடுத்த பக்கம் போட்டான். இலைகள் எதன்மேலோ மெத்தென்று விழுந்தன. தரையில் விழுந்த சத்தம் அதுவல்ல.

"அங்க என்ன இருக்கு மாப்ள?"

"வெயில் படக் கூடாது மச்சான். ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். சின்னராசாவும் கவ்வாத்துக்காரன்தான். கொழுந்து நின்று முற்றிப்போன தேயிலைத் தூரைக் கட்டையாக வெட்டுவார்கள். வெட்டுவாயில் வெயில் சுடாமலிருக்க வெட்டிய கிளைகளையே அதன்மேல் பரப்பி மூடுவார்கள். பலமில்லாத தூராக இருந்தால், செத்துப்போகாமலிருக்க ஒரே ஒரு கிளையை வெட்டாமல் விடுவார்கள். மூச்சுக்கு. மிச்சத்துக்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு கிளை மூச்சு விடும். பிறகு கட்டையிலிருந்து தளிர் வரும், முன்னைவிட அதிகமாக. மலையில் அது எல்லாருக்கும் தெரிந்த வேலை. ஆனால் ஆடி மாதத்தில், பனி கொட்டுகிற காம்பராவுக்குள், எந்த வெயிலுக்குப் பயந்து இவன் மூடி வைக்கிறான்?

"வீரம்மா!" என்று கூப்பிட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம். பலகையில். மெதுவாக. ஒரு கை மட்டும் தட்டுவது போல.

"தூக்கத்துல தட்டுவா," என்றான் சிவசாமி. "வெள்ளச்சியக் காட்டு. எத்தன நாளாச்சு இவளப் பாத்து."

சின்னராசா தடுப்பதற்குள் கூடைக்குள் கை போய்விட்டது. வெள்ளச்சி அந்தக் கையை மறக்கவில்லை. மூக்கை அவன் உள்ளங்கையில் தேய்த்தது. சிவசாமி அதை மடியில் சாய்த்து, கட்டைவிரலால் நெற்றியை நீவினான். முன்பு நீவிய அதே நீவல். முயல் கண்ணை மூடியது. சின்னராசா கூடையைத் தரையில் வைத்தான். இவன் நம் சிவசாமிதான், வேறு யாருமில்லை.

"எத்தன ஈத்துப் போட்டா?"

"போன தடவ ஒண்ணும் தங்கல. அதான் கொண்டாந்தேன்."

"அப்ப இவளுக்கும் நேரமாயிருச்சு," என்றான் சிவசாமி பிரியமாக.

கத்தி எப்போது இடுப்பிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. முன்னங்காலில் ஒரே வீச்சு. சாய்வாக. கவ்வாத்து வெட்டு.

முயலுக்குக் குரல் உண்டென்று பல பேருக்குத் தெரியாது. அது வாழ்நாளில் ஒரு முறைதான் கத்தும். பச்சைக் குழந்தையைப் போலக் கத்தும். வெள்ளச்சி கத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டல் வேகமாயிற்று. சிவசாமியின் முழங்கை வரை சிவப்பு. வாளியிலிருந்து தாரை வழித்துப் பூசினான், அம்மா குழந்தைக்குப் பவுடர் போடுவது போல.

"அழாதடா கண்ணு. முடிஞ்சிருச்சு."

"சிவசாமி." சின்னராசா ஓரடி முன்னால் வைத்தான். "என் தங்கச்சி எங்கடா?"

சிவசாமி நிமிர்ந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. அது பொய்க் கண்ணீர் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எத்தன வருஷம் மச்சான், ஒரு பிஞ்சு தங்கல. அவ அழாத நாளில்ல. ஒனக்குச் சொல்லியிருக்க மாட்டா. எம்புட்டு நாளைக்குப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்ற? ஆனா நான் மொட்டையா வெட்டல. என் புள்ள மாதிரி பாத்துப் பாத்துத்தான் வெட்டினேன். ஒரு கிளை விட்டிருக்கேன்."

சின்னராசா பாய்ந்தான்.

கத்தி அவன் இடக்கையில் இறங்கியது. விரல்கள். வலி உடனே வரவில்லை. தரையில் ஏதோ விழுந்த சத்தம் வந்தது, ஒன்று, இன்னொன்று. சிவசாமி அவனைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தான். மலையில் பத்து ஆள் வேலை செய்கிற உடம்பு. வாயில் பாக்கு வாசனை.

"ஆடாத மச்சான். ஆடினா வெட்டு பிளந்துரும்."

முழங்காலால் உதைத்தான். வழுக்கியது. தரையெல்லாம் ஈரம். தார் வாளி கவிழ்ந்தது. விழுந்தார்கள். மேலே சிவசாமி. தோளில் கத்தியின் குளிர்ச்சி, அளவு பார்ப்பது போல ஒரு தொடல். சின்னராசாவின் வலக்கை தரையைத் துழாவியது. அம்மி. குழவி.

அடித்தான்.

மண்டையில் ஒரு தேங்காய்ச் சத்தம். சிவசாமி வியப்போடு பார்த்தான். மறுபடி. மூக்கு போயிற்று. மறுபடி. அந்தச் சாதுவான சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மறுபடி. எதற்கு என்று தெரியாமல் மறுபடி. கை ஓய்ந்தபோதுதான் தான் கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. நிறுத்தினான்.

கூரையில் சொட்டு.

தட்டல்.

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அடுத்த காம்பராவின் கதவு சாத்தியிருந்தது, பூட்டில்லை. உயிரோடு இருக்கிறாள். அதை மட்டும் நினைத்தான். தூக்கிக்கொண்டு ஓடலாம். கீழ் லயத்துக்கு. அங்கிருந்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு. எப்படி இருந்தாலும் சரி, எது மிச்சமிருந்தாலும் சரி, அவள் என் தங்கை. நான் தந்த பெண். நான் கொண்டு போவேன். கதவைத் தள்ளினான்.

இருட்டு. இனிப்பு வாசனை. பலகைக் கட்டில். அதன்மேல் குவியலாகத் தேயிலைக் கிளை, வாடியதும் பச்சையும். குவியலுக்கு வெளியே ஒரு கை. கண்ணாடி வளையல். சின்னராசா முழங்காலிட்டு அதைப் பிடித்தான். சூடாக இருந்தது. விரல்கள் அவன் விரல்களை இறுக்கிக்கொண்டன.

"அண்ணனா?"

"நான்தான் தாயி. நான்தான். பயப்படாத. அவன் இனிமே வரமாட்டான்."

கிளைகளை வாரி எறிந்தான். முகம் தெரிந்தது. வெளிறிய முகம், ஆனால் வீரம்மாவின் முகம். கழுத்து. ஒரு பக்கத் தோள். மறுபக்கம் தார். அழுகை நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது. இன்னும் கீழே இருந்த கிளைகளை விலக்கக் கை வரவில்லை.

வீரம்மா அழவில்லை. அவள் முகத்தில் வலிகூட இல்லை. கல்யாணமான புதிதில் இருந்ததே, அந்தக் களை.

"அவரு சொன்னது நெசந்தான்ணே," என்றாள். "வருது."

அவளே கையை நீட்டி மிச்சக் கிளைகளை ஒதுக்கினாள்.

இடுப்புக்குக் கீழே இரண்டு கட்டைகள். தார் வெடித்திருந்தது. வெடிப்புகளிலிருந்து, ஈரமாக, இளஞ்சிவப்பாக, நகம்கூட முளைத்த பிஞ்சு விரல்கள், ஐந்தல்ல, பத்தல்ல, நெருக்கி நெருக்கிக் கொத்துக் கொத்தாக, வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் மடங்கி விரிந்தன.