நான்கு விநாடி

மைத்துனர் இறந்து நாற்பது நாள் கழித்து, அவருடைய வீட்டைக் காலி செய்ய ஸ்டேஷன் மாஸ்டர் தன் மனைவியோடு போய் இறங்கினார். வேலையை விட்டுப் பத்து வருடமாகியும் அவரை உறவில் எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். அவரும் அதற்கேற்றபடி சட்டைப் பொத்தான் அத்தனையும் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடிதான் நடப்பார்.

பூட்டிக் கிடந்த மாடி அறையில் ஈர அட்டையின் வாடை அடித்தது. மைத்துனரின் மகன் ஒரு இசைத்தட்டோடு துள்ளிக்கொண்டு வந்தான்.

"மாமா, அப்பா ஒரு மியூசிக் பேண்ட் வச்சிருந்தாராம்! நடவுப் பாட்டோட எலெக்ட்ரிக் கிட்டாரு, ஆர்கன் எல்லாம் கலந்து ப்ராக்ரசிவ் ராக். மொத்தமே இருநூறு காப்பிதான். இந்தப் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்தொரு நிமிஷம்."

"அதுக்குள்ள ஒரு ரயில் அடுத்த ஸ்டேஷனுக்கே போயிடுமே."

"உங்க ரயிலா? சரியாத்தான் போயிருக்கும்."

அங்கேயே இருந்த பழைய பிளேயரில் தட்டைச் சுழலவிட்டான். கரகரப்பு. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஓர் ஆர்கன். பிறகு ஒரு பெண் குரல், ஒரு வரி. அது ஓய்ந்ததும் ஓர் ஆண் குரல், கனமாக, சாவகாசமாக. மறுபடியும் பெண்.

ஸ்டேஷன் மாஸ்டரின் முதுகு நிமிர்ந்தது.

அந்த மெட்டும் அந்தப் பெண் குரலும் அவருக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடமாகச் சமையலறையிலிருந்து வரும் முணுமுணுப்பு அது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அவர் மனைவி சரியாக நான்கு விநாடி நிறுத்துவாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்திருந்தார்.

அவள் மூச்சு வாங்கவில்லை. இடம் விட்டிருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தார். வாசற்படியில், கையில் துடைப்பத்தோடு, அவள் அசையாமல் நின்றிருந்தாள்.

"யாரது?"

"அண்ணனோட சிநேகிதர் ஒருத்தருங்க. நெட்டைன்னு கூப்பிடுவாங்க. இந்த ரெக்கார்டு வந்த வாரமே குளத்துல..." அவள் முடிக்கவில்லை. "அந்த மாசமே அண்ணன் சம்பந்தம் பேச உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பிட்டாரு."

ஒரு கம்பெனி இதை மறுபடி வெளியிடக் கேட்கிறது என்றான் பையன். "நம்ம வீட்டுப் பொண்ணோட குரல் கடைத்தெருவுக்குப் போகாது" என்று சொல்லி, தட்டையும் பிளேயரையும் ஸ்டேஷன் மாஸ்டரே தூக்கிக்கொண்டார். சொன்ன காரணம் மானம். வயிற்றில் எரிந்தது வேறு.

உயிரோடு இருப்பவன் என்றால் வாசலில் நிறுத்திக் கேட்கலாம். செத்தவன் ஒருவன் நான்கு நான்கு விநாடியாகத் தன் வீட்டிலேயே குடியிருந்திருக்கிறான். அவனை எந்தக் கதவு வழியாக வெளியேற்றுவது?

அந்த இடத்தில் தானே போய் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அவள் காலையில் காய்கறி வாங்கப் போகும் முக்கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. கதவைச் சாத்தி, அந்த ஆண் குரலை வரி வரியாகப் பாடிப் பழகினார். முதல் வாரம் குரல் பிசிறியது. இரண்டாம் வாரம் அடித்தொண்டையில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. பாடி முடித்ததும் வாயில் குளத்துச் சேற்றின் ருசி. எத்தனை முறை கொப்பளித்தும் அது போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் தட்டைச் சுழலவிட்டு, முதல் வரி முடியக் காத்திருந்தார்.

பெண் குரல் முடிந்தது. தட்டில் ஆண் குரல் வரவில்லை.

அவர் வாயிலிருந்து வந்தது.

உடம்பு சிலிர்த்தாலும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. தொலைந்தான், இடம் காலி! தட்டை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டார்.

அன்று பிற்பகல் மழை. அவர் நாற்காலியில் இருந்தார். ஜன்னலோரம் அவருக்கு முதுகு காட்டி, துணி மடித்தபடி அவள் முணுமுணுத்தாள். வரி முடிந்தது. நிறுத்தினாள்.

அவர் பாடினார்.

அவள் கை நின்றது. திரும்பவில்லை. அடுத்த வரியை, இம்முறை வாய்விட்டு, வார்த்தைகளோடு பாடினாள். அவர் பதில் பாடினார். மெல்லத் திரும்பினாள். முப்பத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் அவர் பார்த்திராத முகம் அது.

"வந்துட்டியா?"

அவரை அவள் ஒருபோதும் ஒருமையில் அழைத்ததில்லை.

"எவ்ளோ வருஷம்... ஐயோ, இப்படி நனைஞ்சிருக்கியே. தரையெல்லாம் தண்ணி."

அவர் காலையிலிருந்து வெளியே போகவில்லை. குனிந்து பார்த்தார். நாற்காலியைச் சுற்றித் தண்ணீர், அதில் பச்சையாகப் பாசி. கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளே நீர் முட்டி நின்றது. முள் ஓடவில்லை.

அவள் அடுத்த வரியைத் தொடங்கினாள். அவள் பாடும் வரைதான் தன் நாக்கு தன்னுடையது என்று அவருக்குப் புரிந்தது.

இந்த வரி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஒன்று. இரண்டு.

"நான்..." என்றார். மூன்று. "நான்தான்..."

பாட்டினூடே அவள் புன்னகைத்தாள். வரியை முடித்துவிட்டு, அவருடைய ஈரத் தலையைப் புடவைத் தலைப்பால் துவட்டினாள்.

"நீதான். தெரியுது. பாடு."

அவர் பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டார்.

மூடிய வாய்க்குள்ளிருந்து குரல் எழுந்தது.