வலப்பக்கத்துக் காலடி

மாதத்துக்கு ஒருமுறை மரக்காணத்தில் பஸ் ஏறி, திருவான்மியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு அந்த மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போவேன். ஸ்டேஷன் என்று சொல்வது மரியாதைக்குத்தான். அப்போது அது வெறும் பள்ளம். மேலே பகல் வெயிலில் ரோடு கொதிக்கும். இரும்புப் படியில் இறங்க இறங்க வெளிச்சம் குறைந்து, அடியில் பகலும் இல்லை, இரவும் இல்லை.

என் பெயர் பூவிழி. கேமரா பிடிக்கிறவளுக்கு ஏற்ற பெயர் என்று சொல்லாத ஆள் கிடையாது. கட்டுமானம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று காண்ட்ராக்ட் கம்பெனி தன் மேலிடத்துக்குக் காட்ட வேண்டும். அதற்காக மாதா மாதம் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் போட்டோ எடுப்பது என் வேலை. தூணில் மஞ்சள் பெயின்ட்டால் குறி போட்டிருப்பேன். அதனடியில் ஸ்டாண்டு வைத்து எடுத்துவிட்டு ஏறி வந்துவிடுவேன்.

ஆனால் சம்பளத்துக்காக மட்டும் நான் அங்கே இறங்கவில்லை. என் அக்கா மலர்கொடியின் புருஷன் அசோகன் மாமா கடைசியாக வேலை செய்தது அந்தப் பள்ளத்தில்தான்.

மழை பிடித்தால் எங்கள் ஊர் உப்பளம் மூடிவிடும். உப்பளத்து ஆண்கள் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய், தை பிறந்ததும் திரும்பி வந்து பாத்தி மிதிப்பார்கள். உப்பு விளையும் தரை இறுக வேண்டும் என்பதற்காக ஈரக் களியைக் காலால் மிதித்துக் கெட்டியாக்குகிற வேலை அது. அக்காவும் மாமாவும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, அடிக்கு அடி ஒட்டி வைத்து மெதுவாக நகர்வார்கள். இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் மாமா. மாமா ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தரம் மிதிப்பார். முதல் மிதி பலமாக இருக்கும், இரண்டாவது தடவிக் கொடுப்பதுபோல் இருக்கும்.

சளக். சள்.

அந்தப் பள்ளத்துக்குப் போன வருடம், தை பிறந்தும் மாமா வரவில்லை. ஆள் பிடித்துக் கொடுத்த சூப்பர்வைசர் அப்பாவு, "அவன் எப்பவோ கெளம்பிட்டாம்மா" என்று போனை வைத்துவிட்டான். யாரோ ஒருத்தியோடு ஓடிவிட்டார் என்று ஊர் பேசிற்று. பேசின வாயெல்லாம் மாமா கையால் கல்யாண விருந்து சாப்பிட்ட வாய். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பாத்தியில் இறங்கி இடப்பக்கத்தை மட்டும் மிதித்தாள். வலப்பக்கம் குண்டும் குழியுமாகக் கிடந்தது. உப்பளக்காரர் கத்திப் பார்த்தார்.

"அவரு பக்கத்த அவரு வந்து மிதிக்கட்டுங்க" என்றாள் அக்கா.

அடுத்த வருடமும் அப்படித்தான். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பெயரோடு சாக அவள் தயாராக இல்லை. அவளை அந்தப் பெயரோடு விட நானும் தயாராக இல்லை. அதனால்தான் அந்த வேலையைத் தேடிப் பிடித்தேன்.

முதல் மாதப் போட்டோவில் சேற்றில் ஒரு காலடி வரிசை இருந்தது. வெறுங்கால். கீழே வேலை செய்கிற அத்தனை பேரும் ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள்.

அடுத்த மாதம் அந்த வரிசை நீண்டிருந்தது. இடையில் எத்தனை லாரிச் சேறு அள்ளிக் கொட்டியிருப்பார்கள்! ஆனாலும் இருந்தது. தளத்தின் நடுவில் தொடங்கி, கிழக்குச் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

சைட் இன்ஜினியர் விஜயகுமார் என் கேமராவில் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அத அழிச்சிடுங்க மேடம். லேபருங்க பாத்தா எறங்க மாட்டாங்க."

"எடுத்தத அழிக்கிற பழக்கம் எனக்கு இல்ல சார்."

மூன்றாம் மாதம் எலுமிச்சம்பழம் அறுத்து, பூசணிக்காய் உடைத்து வைத்திருந்தார்கள். அப்பாவு ஏற்பாடாம். நான் குறி போட்ட தூணடியில் ஸ்டாண்டை விரித்தேன். அப்போது காற்று தள்ளும் மின்விசிறி நின்றது. விளக்குகளும் போயின. தூரத்தில் யாரோ ஜெனரேட்டருக்குக் குரல் கொடுத்தார்கள். அதன்பின் சத்தமே இல்லை.

ஒரு வாடை வந்தது. சிமென்ட் வாடை இல்லை. எங்கள் ஊர்க் கழுவெளிச் சதுப்புப் பக்கமிருந்து காற்றடித்தால் வருமே, உப்பும் சேறும் கலந்த வாடை, அது.

சளக். சள்.

சத்தம் வந்த பக்கம் திரும்பினேன்.

சளக். சள்.

பக்கத்தில் வந்துவிட்டது. ஓடலாம் என்றால் படி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

சளக்.

இரண்டாவது மிதி வரவில்லை.

என் வலத்தோளில் ஈரமாக ஒரு எடை விழுந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

பயத்தில் கத்தியிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம், அழுகையோடு சேர்ந்த கோபம். இரண்டு வருடமாக எங்களை அலையவிட்டு, இங்கே இருட்டில் நின்றுகொண்டிருக்கிறாரே!

"மாமா, நான் அக்கா இல்ல. பூவிழி."

எடை மெல்ல எழுந்தது. விளக்கு வந்தபோது என் சட்டைத் தோளில் களிமண் ஒட்டியிருந்தது.

ஊருக்குப் போய் மூன்று போட்டோவையும் அக்காவிடம் காட்டினேன். அவள் அழவில்லை. திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"வலப்பக்கம் மட்டும் மிதிச்சிருக்காரு பாருடி. எனக்கு எடம் வுட்டுட்டு நிக்கிறாரு."

மறுநாள் காலையிலேயே அக்காவை விளக்குப் பிடிக்க வந்த ஆள் என்று சொல்லிக் கீழே இறக்கினேன். அடியைத் தொட்டதும் பூட்ஸைக் கழற்றிப் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். சேற்றில் இருந்த வரிசையின் இடப்பக்கம் போய் நின்று, வலக்கையைக் காற்றில் உயர்த்தி வைத்துக்கொண்டாள், ஒரு தோள்மேல் வைப்பதுபோல.

"ஏம்மா, யார்மா நீ? பூட்ஸ மாட்டு!" என்று அப்பாவு ஓடி வந்தான்.

அக்கா மிதித்தாள்.

அவளுக்கு வலப்பக்கத்துச் சேறு அமுங்கியது.

கால் இல்லை. ஆள் இல்லை. குதிகாலும் விரல்களும் மட்டும் ஒவ்வொன்றாகச் சேற்றில் பதிந்தன. சளக். சள். வேலையாட்கள் அத்தனை பேரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். அப்பாவு வந்த வழியே பின்வாங்கினான். நான் ஷட்டரை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன்.

கிழக்குச் சுவரில் வரிசை முட்டி நின்றது. அக்கா சுவரில் கை வைத்தாள்.

"இங்க ஒடைங்க."

"அது முடிஞ்ச சுவரும்மா. ஒடைச்சா என் வேலை போயிடும்" என்றார் விஜயகுமார்.

அக்கா சுவரோடு சாய்ந்து சேற்றிலேயே உட்கார்ந்தாள். "உங்க வேலை பெருசா, எம்புருசன் பெருசா? ஒடைக்கிற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன். மேல போலீஸ கூப்புடுங்க, யார வேணா கூப்புடுங்க."

நான் கேமராவைக் காட்டினேன். "சார், எல்லாம் இதுல இருக்குது. நீங்க ஒடைக்கலன்னா இத ஊரே பாக்கும்."

விஜயகுமார் வாயைத் திறப்பதற்குள், இந்தி பேசும் ஒரு தொழிலாளி துளை போடும் மிஷினைத் தூக்கிக்கொண்டு சுவரண்டை வந்துவிட்டான். அவரும் தலையாட்டினார்.

உடைந்த சுவருக்குப் பின்னால் மாமா நின்றபடியே இருந்தார். ஒரு கை சுவரைத் தள்ளுகிற மாதிரி முன்னால் நீண்டிருந்தது.

போலீஸ் வந்து கேட்டபோது அப்பாவு எல்லாவற்றையும் கக்கினான். அங்கே பக்கவாட்டில் ஒரு சிறு வழி தோண்டியிருக்கிறார்கள். மண் சரிந்திருக்கிறது. அன்று மாமாவை வேறொருவருடைய பாஸை மாட்டி உள்ளே இறக்கியது அப்பாவுதான். மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, உள்ளே யாரும் இல்லை என்று சாதித்துவிட்டான். அவன் பேச்சை நம்பிக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள்.

மாமாவை ஊருக்குக் கொண்டுவந்து எரித்தோம். ஓடிப்போனவன் என்று சொன்னவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். ஒருத்தருக்கும் அக்கா முகம் கொடுக்கவில்லை. எனக்கு அது நிறைவாக இருந்தது, மறைப்பானேன்.

தை பிறந்தது. "இந்த வருசம் ரெண்டு பக்கமும் நானே மிதிக்கிறேன்" என்று அக்கா விடிந்ததும் புறப்பட்டாள். கேமராவை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன்.

பாத்திக்கரையில் அக்கா நின்றுவிட்டாள்.

வலப்பக்கம் ஏற்கெனவே மிதித்திருந்தது.

மாமாவின் காலடி எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் இரண்டு தரம் பதிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு வரிசை, இழுத்து இழுத்து நடந்த கால். அதற்கும் அப்பால் சின்னப் பாதம் ஒன்று. இன்னும் அப்பால் வெயிலில் பளபளத்துக்கொண்டு வரிசை வரிசையாக. எல்லாமே ஈரமாக இருந்தன.

"யாருக்கா இவங்க?"

"தெரியலடி. மாமா தன்ன மாதிரியே மண்ணுல மூடிப்போட்ட ஆளுங்கள கூட்டிக்கினு வந்துட்டாரு போல." அக்கா புடவையைத் தூக்கிச் செருகினாள். அவள் முகத்தில் பயம் தேடினேன், கிடைக்கவில்லை. "வந்தா வரட்டும். இவங்க ஊட்லயும் யாராச்சும் காத்துக்கினு இருப்பாங்க. நீ போட்டோ புடி."

குனிந்து ஒவ்வொரு பாதமாக எடுக்க ஆரம்பித்தேன். அடுத்த மாதமும் அந்தப் படியில் இறங்குவேன். அழிக்கச் சொல்லி எவன் வருகிறான் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது என் வலத்தோளில் ஈரமாக ஒரு எடை விழுந்தது.

மாமாவின் கை இல்லை. இந்தக் கையில் இரண்டு விரல் குறைவாக இருந்தது.

நான் திரும்பவில்லை. தோளைத் தட்டிவிடவும் இல்லை. கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டேன்.

"எந்த ஊரு நீங்க?"