கேட்காமல் எடுத்த ரத்தம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்து, காலை ஏழரைக்கு அவள் வந்து சேர்ந்தாள். முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு வருட ஒப்பந்தத்தில் மரபணு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். ஒரே கிருமிதான், ஒருவன் பிழைத்து வீட்டுக்கு நடக்கிறான், இன்னொருவன் ஏன் சாகிறான்? விடை ரத்தத்தில் இருக்கிறது என்று நம்பினாள்.

ஆறாம் கட்டிலில் ஒரு வெல்டர். வாட்டசாட்டமான ஆள். வெறும் காய்ச்சல் என்று வந்தவன், இப்போது வாயில் குழாயோடு கிடந்தான்.

முந்தின நாளே அவன் மனைவி கையெழுத்துப் போட மறுத்திருந்தாள்.

“குத்திக் குத்திக் கையெல்லாம் கன்னிப்போச்சு மேடம். வைத்தியத்துக்குன்னா எடுங்க. ஆராய்ச்சிக்குன்னு ஒரு சொட்டுக்கூட வேணாம்.”

நர்ஸ்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் அவள் ஒரு குப்பி ரத்தம் எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போது அவன் கண் திறந்து பார்த்தான்.

மத்தியானம் இறந்துபோனான்.

மூன்றாம் நாள், நல்ல வெளிச்சமான பகல். மாதிரிகளை எடுக்க ஃப்ரீசர் அறைக்குள் நுழைந்தாள். பின்னால் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது.

சீழ் நாற்றம் அடித்தது.

பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். மெஷின் விடும் மூச்சுபோல், அளந்து அளந்து.

திரும்புவதற்குள் ஒரு கை அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை ஃப்ரீசரின் இரும்பில் மோதியது. மூக்கு உடைந்தது. மறுபடி மோதியது. பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கியது. எலும்பு முறியும் சத்தம் கேட்ட பிறகுதான் வலி வந்தது.

“விடுங்க... தெரியாம எடுத்துட்டேன்.”

“தெரிஞ்சுதான் எடுத்த.”

தொண்டையில் ஓட்டை விழுந்தவன் பேசுவதுபோல் காற்றாக வந்தது அந்தக் குரல்.

இடது முழங்கை மடிப்பில் ஊசி இறங்கியது.

மறுபடி இறங்கியது.

மறுபடி.

லேப் டெக்னீஷியன் பூட்டை உடைத்து உள்ளே வந்தபோது அறையில் அவளைத் தவிர யாருமில்லை. ஊசியும் இல்லை. அவள் இடது கை மட்டும் சல்லடையாகியிருந்தது.

ஒரு மாதம் கழித்து, மாவுக்கட்டுப் போட்ட கையோடு வெல்டரின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். எடுத்ததையும் பட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“உங்க வீட்டுக்காரர் என்னை மன்னிக்கலைங்க. நீங்களாவது மன்னிச்சிடுங்க.”

மனைவி சுவரில் மாட்டியிருந்த அவன் படத்தைப் பார்த்தாள்.

“அவரா? ஆத்திரத்துல ஒரு டம்ளரைக்கூடத் தூக்கி எறிஞ்சதில்ல அந்த மனுஷன். செத்த பிறகா அடிக்கப்போறாரு?” என்றாள். பிறகு, “இதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட இப்படிக் கேக்காம எடுத்தீங்க?”

எத்தனை என்று அவளுக்கே நினைவில்லை.

மனைவியின் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போனது.

“கூட வந்தவங்க ஏன் வெளியவே நிக்கிறாங்க? எல்லாரையும் உள்ள வரச் சொல்லுங்க.”

அவள் தனியாகத்தான் வந்திருந்தாள்.