நாபிக்குத் தனிமை ஆகாது

குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

சுகப்பிரியா தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள். செல்போன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்தவள். கண்கள் எரிந்தன. மத்தியானம் மணி மூன்றாகப்போகிறது. காலையிலிருந்து பக்கத்து அறையில் அந்த அழுகை... நின்றபாடில்லை.

அங்கே போன வாரம்தான் ஒருவன் குடிவந்திருந்தான். கார் கம்பெனியில் வேலை, தென்காசிப் பக்கம் சொந்த ஊர், தனிக்கட்டை என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்படியானால் குழந்தை யாருடையது?

எழுந்து போய்ப் பார்த்தாள். கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே, "ங்ஙா... ஆ..."

நெஞ்சு பதறியது. பச்சைக் குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டா ஒருத்தன் வேலைக்குப் போவான்?

குழாயடியில் கிடந்த கருங்கல்லைத் தூக்கி வந்தாள். நாலே போடு. பூட்டு தெறித்தது. கதவு திறந்த வேகத்தில் ஏதோ பாய்ந்து அவள் தோளில் ஏறியது.

"ஐயோ அம்மா!"

பூனை! ஆனால் அவள் ஜென்மத்தில் பார்த்திராத பூனை. சந்தன நிறத்தில் ஒல்லி உடம்பு. முகமும் காதும் காலும் வாலும் மட்டும் கரியைக் குழைத்துப் பூசியதுபோல. நடுவே இரண்டு கண்கள்... மழை விட்ட வானத்து நீலம். அது அவள் கன்னத்தில் தலையால் முட்டி, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்பதுபோல் அதட்டலாக ஒரு குரல் கொடுத்தது.

"என் ரூம் பூட்ட எதுக்கு ஒடச்சீய?"

திரும்பினாள். சாம்பல் நிறச் சீருடையில், தோளில் பையோடு ஒருவன். நெடுநெடுவென்று உயரம். கோபப்படத் தெரியாத கண்களை வைத்துக்கொண்டு கோபப்பட முயன்றுகொண்டிருந்தான்.

"நீங்கதான் இந்த ரூமா? இன்னா மனுசன் நீங்க? காலைலேர்ந்து இது கத்திக்கினு கீது. நான் கொழந்தன்னு நெனச்சி..."

"பூனைன்னு தெரிஞ்சபொறவாது அந்தக் கல்லக் கீழ போடலாம்லா?"

கல் இன்னும் கையிலேயே இருந்தது. சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"பேரு இன்னா?"

"இசக்கியப்பன்."

"பூனை பேரக் கேட்டேன்."

அவன் முகம் சிவந்தே போய்விட்டது. "நாபி."

"தொப்புளா?"

"கொரியா பாஷைல பட்டாம்பூச்சியாம்!" என்றான் அவசரமாக.

நாபி ஒரு கொரிய இன்ஜினியரின் செல்லம். திடீரென்று ஊர் திரும்ப உத்தரவு வந்தது. பூனைக்கான காகிதங்கள் தயாராகவில்லை. தன் மெஷினைப் பழுது பார்க்கும் இசக்கியிடம் கண்கலங்கக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"சயாமீஸ்னு சொல்லுதாங்க. சாதிப் பூனை. இதுக்குச் சோத்தவிடப் பேச்சுத்தொணதான் முக்கியமாம். நாம பேசுனா பதில் பேசும். வெளயாட ஆள் இல்லன்னா ஏங்கிப் போயிரும்னாரு."

"தெரிஞ்சுமா எட்டு மணி நேரம் பூட்டிட்டுப் போறீங்க?"

அவன் தலை குனிந்து பூனையின் முதுகைத் தடவினான். அவன் சப்பைக்கட்டுக் கட்டாதது அவளுக்குப் பிடித்திருந்தது.

"புதுப் பூட்டு வாங்குவீங்க இல்ல? ஒரு சாவி என்னாண்ட குடுங்க," என்றாள்.

அவன் வேலைக்குப் போகும் நேரம் இவள் வீட்டில். இவள் போகும் நேரம் அவன் வீட்டில். தூங்கி எழுந்ததும் நூலில் கோழி இறகைக் கட்டி நாபியை அறை முழுக்கத் துள்ளவைப்பாள். பால் கொடுத்தால் வயிற்றுக்கு ஆகாது என்று அறிந்தாள். உப்புப் போடாமல் மீனை வேகவைத்து முள் பார்த்து வைத்தாள். அவனோ பேக்கிங் பெட்டிப் பலகைகளைச் சுவரில் படியாக அடித்து, பரண்வரை ஏற வழி செய்தான். லாரி ஓடும் ரோட்டுக்குத் தாவிவிடாமலிருக்க ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டான்.

நேரில் பார்ப்பது அபூர்வம். பேச்செல்லாம் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில்தான்.

'ரெண்டு மத்தி துன்னுச்சு. உங்க சட்டை மேல தூங்குது. எடுக்காதீங்க.'

'இருக்கதே மூணு சட்டை. பரவால்ல, தூங்கட்டும். நீங்க தூங்குனீங்களா?'

அந்தக் கடைசி வரியை அவள் நாலு தடவை படித்தாள்...

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர்கள் குடியிருந்த சேரப்பணஞ்சேரி முழுக்க மழை. இருவரும் வராந்தாவில். அவள் மடியிலிருந்த நாபியைப் பார்க்கும் சாக்கில் அவன் அவளைப் பார்த்தான். அவள் நிமிர்ந்தாள். அவன் சட்டென்று மழையைப் பார்த்தான். இந்த விளையாட்டு மழை விடும்வரை நடந்தது.

மறுநாள் கம்பெனி கேன்டீன் வேலையிலிருந்து திரும்பிய அம்மா மரகதம், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கேன்டீன்ல எல்லாரும் கேக்குறாளுங்க. உம் பொண்ணு பேச்சிலர் ரூமுக்குச் சாவி வெச்சிக்கினு கீறாளாமேன்னு. எம் மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?"

"பூனையத்தான்மா பாத்துக்கறேன்..."

"ஊருக்குப் பூனை தெரியாது. உன்னத்தான் தெரியும்."

நடுவே ஒற்றைச் சுவர். அவன் காதில் எல்லாம் விழுந்தது.

அடுத்த நாள் பக்கத்து அறையில் சத்தமே இல்லை. நாபியை ஸ்ரீபெரும்புதூரில் குடும்பத்தோடு இருக்கும் தன் சூப்பர்வைசர் ஹேமந்திடம் கொடுத்துவிட்டான் என்று தெரிந்ததும் அவள் உடம்பெல்லாம் எரிந்தது. எதிரில் வந்தவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூன்று நாள்...

நான்காம் நாள் அவனே கதவைத் தட்டினான். சவரம் செய்யாத முகம்.

"நாபி சாப்பிட மாட்டேங்கு. பீரோ மேல ஏறி உக்காந்துட்டு எறங்க மாட்டேங்கு. நான் போயிக் கூப்பிட்டும் வரல. நீங்க ஒரு தடவ வந்தீயன்னா..."

"நானா? நான் யாரு?" கதவை முழுதாகத் திறக்கவில்லை. "எம் பேரு கெட்டுடும்னு குடுத்தீங்களாக்கும்? என் பேருதானே? என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கல. தப்புதான்."

அவ்வளவுதான் சொன்னான். அவள் உள்ளே போய்த் துப்பட்டாவை எடுத்தாள். அடுப்படியில் அம்மா நின்றிருந்தாள்.

"எங்க?"

"கூட்டிக்கினு வரப் போறேன்."

"பூனையையா... அவனையா?"

சுகப்பிரியா அம்மாவின் கண்களைப் பார்த்தாள். "ரெண்டு பேரையும்தாம்மா."

அம்மா அடுப்பைத் தணித்தாள். பிறகு ஆணியில் தொங்கிய குடையை எடுத்து நீட்டினாள். "மழை வரமாரி கீது. இருட்டறதுக்குள்ள வந்து சேரு."

ஹேமந்த் வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் வேலை. பகலெல்லாம் வீடு காலி; சாவியை இசக்கி வாங்கி வந்திருந்தான். பீரோ உச்சியில் நாபி சுருண்டிருந்தது. விலா எலும்பு தெரிந்தது.

"நாபி... வாடி தங்கம்... கோச்சிக்கினியா?"

காது அசைந்தது. நீலக் கண்கள் திறந்தன. ஈனமாக ஒரு குரல்... அப்புறம் நீளமாக, குற்றம் சாட்டுவதுபோல் இன்னொன்று. இவள், "ஆமாமா, தப்புதான்," என்றாள். நாபி அவள் தோளில் இறங்கி, கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டது. அவள் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்த மீனை நக்கி நக்கித் தின்றது. இசக்கி சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பஸ் நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடை. நடுவில், நாபி உள்ளே இருக்கும் மூடி போட்ட கூடை.

"நான் ஒண்ணு கேக்கணும்," என்றான். "உங்களக் கேக்காம இனி எதுவும் முடிவு செய்ய மாட்டேன். அதான் கேக்கேன்... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. பூனையப் பாத்துக்கிடதுக்காக இல்ல. என்னக் கட்டிக்கிடுதீயளா?"

மழைச் சத்தம்... அவளுக்கு அதையும் மீறித் தன் நெஞ்சின் சத்தம் கேட்டது.

"எத்தினி நாளா?"

"தெரியல. மூணு நாளு நீங்க பேசாம இருந்தீயல்லா... அப்பதான் தெரிஞ்சுது."

"எனக்கு மின்னாடியே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கணும்னு இருந்தேன்."

அவன் திணறினான். "உங்கம்மா..."

"சண்ட போடும். நான் பேசிக்கிறேன். நீங்க உங்க வூட்ல சொல்லிப் பெரியவங்களக் கூட்டிக்கினு வாங்க."

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறிப் படியில் நின்று கையை நீட்டினாள். அவன் பத்திரமாகக் கூடையை எடுத்து நீட்டினான்.

வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

"கூடையக் கேக்கல..." என்றாள்.